தலைக்குள் வளரும் புற்றுக்கட்டி: வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை



நமது இதழில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, மார்க்கெட் நிலவரம் என்று எழுதுவதே வழக்கம். இம்முறை ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், மாரடைப்பு பற்றி நம்மில் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். மூளையில் வரும் புற்றுக்கட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அது அபூர்வமான நோய்தான். ஆனால் வந்துவிட்டால் அதன் வேகத்துக்கு வீடும் கடையும் ஈடுகொடுக்க முடிவதில்லை.

மளிகைக்காரருக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறோம், எந்தத் தரகரிடம் முன்பணம் நிற்கிறது, எந்தச் சரக்கு யார் குடோனில் கிடக்கிறது என்பதில் பாதி பேரேட்டில் ஏறுவதே இல்லை. எல்லாம் முதலாளியின் தலையில்தான் இருக்கிறது. அந்தத் தலையிலேயே நோய் வந்தால் மனிதரோடு கடையின் கணக்கும் சேர்ந்து அழிய ஆரம்பிக்கும்.

நான் மருத்துவன் அல்ல. பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு நாற்பது ஆண்டுகளாகப் புளியும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்பவன். எனக்கு வேண்டிய ஒரு வணிகருக்கு இந்த நோய் வந்தபோது அவரோடு பெங்களூருக்குப் பலமுறை போய் வந்தேன். அங்கே டாக்டர்களிடம் கேட்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் நம்மவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டாக்டரே சொல்ல வேண்டும்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

"மூளையில் கட்டி" என்றதும் வீட்டில் ஒப்பாரி வைத்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. மூளையின் மேலுறையில் வளரும் 'மெனிஞ்சியோமா' என்ற கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அறுவை செய்து எடுத்தபின் பல ஆண்டுகள் நன்றாக வாழ்பவர்கள் ஏராளம். வேறு சில கட்டிகள் நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் போன்ற இடங்களில் தோன்றிய புற்றுநோய் இரத்தம் வழியாக மூளைக்கு வந்து இறங்குவதால் உண்டாகின்றன. இவற்றுக்குச் சிகிச்சை முறை வேறு.

இங்கே நான் சொல்ல வந்தது மூளையிலேயே தோன்றி வேகமாக வளரும் கட்டி. மூளையில் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிப் பிடித்து ஊட்டம் கொடுக்கும் துணை அணுக்களும் இருக்கின்றன. கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்க, நிறுக்கவும் பொட்டலம் கட்டவும் மூட்டை தூக்கவும் ஆட்கள் இருப்பது போல. இந்தத் துணை அணுக்களுக்கு 'கிளையா' என்று பெயர். அவற்றிலிருந்து கிளம்பும் கட்டிக்கு 'கிளையோமா' என்று பெயர். 1926ல் அமெரிக்க டாக்டர்கள் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் இவ்வகைக் கட்டிகளை வகை பிரித்து நூல் எழுதினார்கள். இன்றைய பெயர்களுக்கு அதுவே அடிப்படை.

வீரியத்தை வைத்து இக்கட்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். நம் சரக்கில் முதல் தரம் உயர்ந்தது. இங்கேயும் 1ஆம் தரம்தான் நல்லது, 4ஆம் தரம் கொடியது. 4ஆம் தரத்தில் முக்கியமானது 'கிளையோபிளாஸ்டோமா'. பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். மேல்நாட்டுக் கணக்கில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 3 பேருக்கு வருகிறது. ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் அதிகம். பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதல்.

ஏன் இத்தனை மூர்க்கம்?

இதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்கள்.

ஒன்று, இடம். வயிற்றில் கட்டி வளர்ந்தால் வயிறு விரிந்து கொடுக்கும். மண்டை ஓடு விரியாது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் இன்னொரு மூட்டையைத் திணித்தால் உள்ளே இருப்பது நசுங்கும். கட்டியோடு அதைச் சுற்றி வரும் நீர்க்கோப்பும் சேர்ந்து மூளையை அழுத்துகிறது.

இரண்டு, வேர். வயலில் கோரையைப் பிடுங்கினால் மேலே இருப்பது வரும். கிழங்கு மண்ணுக்குள் தங்கி மறுபடி முளைக்கும். இந்தக் கட்டியும் அப்படித்தான். ஸ்கேனில் தெரிகிற கட்டியை முழுவதும் எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் சுற்றியுள்ள நல்ல மூளைக்குள் ஏற்கனவே புகுந்திருக்கும். மூளை என்பதால் அகலமாக வெட்டி எடுக்கவும் முடியாது. பேச்சு, கை, கால், நினைவு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

மூன்று, காவல். கண்ட பொருளும் மூளைக்குள் நுழையாமல் தடுக்க இரத்தக் குழாய்களில் இயற்கை ஒரு செக்போஸ்ட் வைத்திருக்கிறது. நஞ்சைத் தடுக்கும் அந்தக் காவல், புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவற்றையும் தடுத்துவிடுகிறது.

எதனால் வருகிறது?

பெரும்பாலோருக்கு இன்னதால் வந்தது என்று சொல்ல முடிவதில்லை. வேறு நோய்க்காக முன்பு தலையில் அதிக அளவு கதிர்வீச்சு பெற்றிருப்பது ஓர் உறுதியான காரணம். பரம்பரையாக வரும் சில அபூர்வக் கோளாறுகளும் உண்டு. மற்றபடி இது தொற்றுநோய் அல்ல. நோயாளியின் தட்டில் சாப்பிட்டால் வராது. பெற்றோருக்கு வந்ததால் பிள்ளைக்கு வரும் என்ற அச்சமும் பெரும்பாலான குடும்பங்களில் தேவையற்றது.

செல்போனைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011ல் செல்போன் அலைகளை "புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்" என்ற பட்டியலில் வைத்தது. அதன்பின் வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி, அதே உலக சுகாதார நிறுவனம் செய்வித்த மறு ஆய்வு 2024ல் வெளிவந்தது. செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவரவில்லை. நம் பகுதியில் சிப்காட் புகையைக் குற்றம் சொல்பவர்களும் உண்டு. புகை நுரையீரலுக்குக் கெடுதல்தான். ஆனால் இந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. "என்ன பாவம் செய்தோம்" என்று குடும்பத்தார் தங்களையே நொந்துகொள்ளவும் வேண்டியதில்லை.

அறிகுறிகள்

தலைவலி எல்லோருக்கும் வருவதுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தலைவலிக்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியவை இவை:

இதுவரை இல்லாத புதிய தலைவலி வாரத்துக்கு வாரம் கூடுவது, விடியற்காலையில் அதிகமாவது, கூடவே வாந்தி வருவது.

பெரியவர் ஒருவருக்கு வாழ்நாளில் முதல்முறையாக வலிப்பு வருவது. இதை ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது.

ஒரு பக்கக் கை, கால் பலம் குறைவது. கையில் எடுத்த பொருள் நழுவுவது.

பேசும்போது சொல் கிடைக்காமல் திணறுவது, ஒன்றை நினைத்து வேறொன்றைச் சொல்வது.

ஒரு பக்கப் பார்வை மறைவது. நடக்கும்போது ஒரே பக்கமாக மூட்டையிலோ வாசற்படியிலோ இடித்துக்கொள்வார். கண்ணாடி மாற்றினாலும் சரியாகாது.

சுபாவம் மாறுவது. சுறுசுறுப்பாக இருந்தவர் மந்தமாவது, சாந்தமானவர் எரிந்து விழுவது, கணக்கில் தடுமாறுவது.

கடைசியாகச் சொன்னதுதான் நம் தொழிலில் முதலில் தெரியும். நான் சொன்ன அந்த வணிகர் குவிண்டால் விலையைக் கேட்ட மாத்திரத்தில் நாற்பத்தேழு கிலோவுக்குக் கிரயம் சொல்லக்கூடியவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வியாபாரம் பேசுவார். அவர் ஒரே லாரிக்கு இரண்டு முறை வாடகை கொடுத்தார். சிட்டையில் ஐந்நூற்றை ஐயாயிரமாக எழுதினார். ஆனேக்கல்லிலிருந்து வந்த பழைய வாடிக்கையாளரிடம் கன்னடத்தில் பேச்சு வராமல் நின்றார். வயதாகிறது என்றார்கள், கடன் கவலை என்றார்கள், திருஷ்டி என்று சுற்றிப் போட்டார்கள். கண்ணாடியும் மாற்றினார்கள். இடது கையிலிருந்து எடைக்கல் நழுவிக் காலில் விழுந்த அன்றுதான் ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குள் இரண்டு மாதம் போயிருந்தது. இத்தனைக்கும் அவருடைய குமாஸ்தா சிட்டையில் பிழை வருவதை முதல் வாரத்திலேயே கவனித்திருந்தார். முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினார். கணக்குப் பிள்ளைகளும் வீட்டில் உள்ளவர்களும் இதில் கூச்சப்படக்கூடாது.

கடையில் யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகில் இடிக்கும் பொருளை நகர்த்திவிட்டு, 108க்குச் சொல்லுங்கள். கை, கால் திடீரென்று விழுந்துவிட்டால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். அதற்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

எங்கே போவது?

நம் பகுதி இதில் அதிர்ஷ்டமான பகுதி. 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர், வாணியம்பாடி வழியாகச் சில மணி நேரத்தில் வேலூர் போய்விடலாம்.

மறுபக்கம் பெங்களூர். நாம் சரக்கு ஏற்றிப் போகும் அதே ஓசூர் ரோட்டில்தான் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 1974ல் இரண்டு பழைய நிறுவனங்களை இணைத்து உருவானது. இந்தியாவில் மூளை நோய்களுக்கென்றே உள்ள பெரிய அரசு நிறுவனங்களில் ஒன்று. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். அதன் அருகிலேயே கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. கர்நாடகக்காரர்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். வெளி மாநிலத்தாரும் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். கூட்டம் அதிகம், காலையில் சீக்கிரம் போக வேண்டும். பழைய ஸ்கேன் படம், சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

எல்லை தாண்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் அந்த அட்டை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில்தான் செல்லும். நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனையில், அதுவும் இந்த சிகிச்சைக்கு, அட்டை செல்லுமா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செல்லாது என்றால் சேலம், சென்னை, அடையாறு புற்றுநோய் நிலையம் என்று தமிழ்நாட்டுக்குள் உள்ள இடங்களை விசாரியுங்கள். அட்மிஷன் போட்டபின் விசாரித்தால் பணம் கட்டித்தான் வெளியே வர வேண்டியிருக்கும்.

சிகிச்சையின் மூன்று படிகள்

முதலில் சி.டி. ஸ்கேன், அடுத்து மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ஸ்கேனைப் பார்த்து டாக்டர் ஊகிக்கலாம். உறுதி செய்வது சதைப் பரிசோதனைதான். உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டும் போதாது, ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். மாற்றம் இருந்தால் அது வேறு வகைக் கட்டி, பொதுவாக மெதுவாக வளர்வது. ஆகவே ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதல் படி அறுவை. உடலுக்குச் சேதம் வராமல் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுப்பது. பேச்சுப் பகுதிக்கு அருகில் கட்டி இருந்தால் நோயாளியை விழிக்க வைத்து, பேசச் சொல்லிக்கொண்டே அறுவை செய்யும் முறையும் நம் நாட்டில் நடக்கிறது. மூளைக்கு வலி தெரியாது என்பதால் இது சாத்தியமாகிறது.

இரண்டாம் படி, நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சு. அறுவைப் புண் ஆறியபின் சில வாரங்களில் தொடங்குவார்கள். வாரத்தில் 5 நாள், 6 வாரம், மொத்தம் 30 முறை. ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான், வலியில்லை. ஆனால் தினமும் போக வேண்டும். அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் தினமும் போய் வருவது நோயாளியைக் களைக்கச் செய்யும். அந்த ஆறு வாரமும் பெங்களூரில் அறை எடுத்துத் தங்குவது நல்லது. 65 வயதுக்கு மேற்பட்ட, பலவீனமானவர்களுக்கு 15 முறையில் 3 வாரத்தில் முடிக்கும் முறையும் உண்டு.

மூன்றாம் படி மாத்திரை. 'டெமோசோலமைட்' என்ற இந்த மருந்து 1980களில் இங்கிலாந்தில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவினர் கண்டுபிடித்தது. நான் சொன்ன செக்போஸ்ட்டைத் தாண்டி மூளைக்குள் போகக்கூடியது. கதிர்வீச்சு நாட்களில் தினமும், பிறகு 28 நாளுக்கு 5 நாள் வீதம் ஆறு மாதம் வரை கொடுப்பார்கள். இடையிடையே இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இந்தியக் கம்பெனிகளே இதைத் தயாரிக்கின்றன. ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். டாக்டரிடம் கேட்டு, விலை குறைந்ததை வாங்கலாம். விலை விசாரிக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எவ்வளவு காலம்?

எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. மறைக்காமல் சொல்கிறேன்.

2005ல் டாக்டர் ரோஜர் ஸ்டுப் தலைமையில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளியானது. நோயாளிகளை ஆயுள் கணக்கில் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர், கதிர்வீச்சு மட்டும் பெற்றபோது 12.1 மாதம் வாழ்ந்தார். மாத்திரையும் சேர்த்தபோது 14.6 மாதம். இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டு தாண்டியவர்களைப் பாருங்கள்: நூற்றில் 10 பேராக இருந்தது 26 பேரானது. ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் நூற்றில் 2 பேர் என்பது 10 பேர் அளவுக்கு வந்தது. எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுவின் நிலையைச் சோதித்தால் மாத்திரை யாருக்கு நன்றாக வேலை செய்யும் என்று ஓரளவு சொல்லலாம்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆய்வு 2017ல் வந்தது. குறுகிய கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்கள் 7.6 மாதம், மாத்திரையும் சேர்த்தவர்கள் 9.3 மாதம்.

அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடிக்கு 2008 மே மாதம் இந்நோய் தெரியவந்தது. 2009 ஆகஸ்ட் 25ல் காலமானார். செனட்டர் ஜான் மெக்கெயினுக்கு 2017 ஜூலையில் தெரிந்தது. 2018 ஆகஸ்ட் 25ல் காலமானார். ஒருவர் 15 மாதம், மற்றவர் 13 மாதம். உலகத்தின் சிறந்த மருத்துவமனைகள் அவர்களுக்குத் திறந்திருந்தன. பணத்துக்கும் குறைவில்லை. இதை நம்பிக்கையைக் கெடுக்கச் சொல்லவில்லை. ஓசூர் ரோட்டில் அரசு மருத்துவமனையில் கிடைக்கும் அறுவை, கதிர்வீச்சு, மாத்திரை என்ற மூன்றும்தான் உலகமெங்கும் அடிப்படைச் சிகிச்சை. "வெளிநாடு கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரோ" என்ற உறுத்தல் யாருக்கும் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பணம் கரையும் வழிகள்

கட்டியைச் சுற்றிய வீக்கம் குறைய டாக்டர்கள் 'டெக்ஸாமெத்தசோன்' என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாளில் தலைவலி போகும், பேச்சு திரும்பும், எழுந்து நடப்பார். குணமாகிவிட்டது என்று குடும்பம் நினைத்துவிடும். குறைந்தது வீக்கம்தான், கட்டி அப்படியே இருக்கிறது. அந்த வாரத்தில் யாராவது வேர், தைலம், பொடி என்று கொடுத்திருந்தால் பெயர் அதற்குப் போய்விடும். அதை நம்பி அறுவையைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. இந்த மருந்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரை உள்ளவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

விலை உயர்ந்த சிகிச்சைகளையும் சிலர் சொல்வார்கள். 'பெவாசிசுமாப்' என்ற ஊசி வீக்கத்தைக் குறைக்கும், கட்டியைச் சில காலம் அடக்கும். ஆனால் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் கூடவில்லை என்று 2014ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. தலையில் பட்டைகள் ஒட்டி மின்புலம் செலுத்தும் கருவியால், 16 மாதம் என்பது 20.9 மாதமானதாக 2017ல் ஓர் ஆய்வு வந்தது. அதன் செலவு நம் போன்றவர்களுக்கு எட்டாது. எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இதனால் எத்தனை மாதம் கூடும்? அந்த மாதங்களில் அவர் எப்படி இருப்பார்? மொத்தச் செலவு என்ன? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடையை விற்று, நிலத்தை அடமானம் வைத்து, கடைசியில் பிள்ளைகள் கையில் கடன் பத்திரம் மட்டும் மிஞ்சிய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு இருந்தால் இந்தச் சுமை குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நோய் தெரிந்தபின் எடுக்கும் பாலிசி அந்த நோய்க்கு உதவாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

கடையின் கணக்கு

மற்ற பல நோய்களில் உடல் தளர்ந்தாலும் கடைசிவரை புத்தி தெளிவாக இருக்கும். இதில் முதலில் போவது அதுவாகவும் இருக்கலாம். அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் பின் பல நோயாளிகளுக்குச் சில மாதங்கள் நல்ல தெளிவு இருக்கும். அந்த மாதங்களை வீணாக்கக்கூடாது.

நம்மவர்கள் "பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும்" என்று நினைக்கிறார்கள். 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்தப் பவர் முடிந்துபோகிறது. எப்போது தேவைப்படுமோ அப்போது அது உதவாது. ஆகவே தெளிவு இருக்கும்போதே செய்ய வேண்டியவை:

கடன் கொடுத்தவை, வாங்கியவை, முன்பணம், அட்வான்ஸ், வெளியே கிடக்கும் சரக்கு எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்குவது.

வங்கிக் கணக்கை மனைவி அல்லது மகனோடு கூட்டுக் கணக்காக்குவது. நாமினி பெயர் கொடுப்பது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம்.

இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதுவது. மனத்தெளிவோடு எழுதினார் என்று டாக்டரிடம் சான்று வாங்கி வைத்தால் பின்னால் வழக்கு வந்தாலும் உதவும்.

ஜி.எஸ்.டி.யில் இன்னொருவரைக் கையெழுத்து அதிகாரியாகச் சேர்ப்பது. ஓ.டி.பி. எல்லாம் அவர் ஒருவருடைய போனுக்கே வந்தால் மாதக் கணக்கே தாக்கல் செய்ய முடியாது. தனி உரிமையாளர் இறந்தால் வாரிசு புதுப் பதிவு எடுத்து, ஐ.டி.சி.-02 படிவத்தில் மீதி வரிக் கழிவை மாற்றிக்கொள்ளலாம்.

பங்குக் கடையாக இருந்தால் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது. வேறு ஷரத்து இல்லையென்றால் ஒரு பங்குதாரர் இறந்ததும் 1932ம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு கலைந்துவிடும்.

இவற்றைச் செய்யச் சொன்னால் "அவரைச் சாகச் சொல்கிறாயா" என்று வீட்டில் சண்டை வரும். நோயாளிக்கு உண்மையைச் சொல்லலாமா என்பதே பெரிய கேள்வி. டாக்டரை வைத்துக்கொண்டு, அவர் எவ்வளவு கேட்க விரும்புகிறாரோ அவ்வளவு சொல்வதே முறை. வணிகர் தன் கணக்கைத் தானே முடித்துக் கொடுக்க விரும்புவார். எனக்குத் தெரிந்த அந்த வணிகர், கதிர்வீச்சு முடிந்த மாதத்தில் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் மூன்று வாரம் கடன்காரர் பட்டியல் சொன்னார். யாரிடம் நெருக்கிக் கேட்க வேண்டும், யாருக்குத் தவணை கொடுக்க வேண்டும், யாருடைய பாக்கியை விட்டுவிட வேண்டும் என்றுகூடச் சொன்னார். அவர் போய்விட்டார். கடை நடக்கிறது.

கடைசிக் காலம்

கட்டி மறுபடி வளர்ந்தபின், சிகிச்சை இனிப் பயனில்லை என்று டாக்டர்கள் சொல்லும் நாள் பெரும்பாலோருக்கு வரும். அப்போதும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வலிப்பு வராமலும், தலைவலி இல்லாமலும், படுக்கைப் புண் வராமலும் பார்த்துக்கொள்வது. இதற்கென்றே நோய்த்தணிப்புப் பிரிவுகள் பெரிய மருத்துவமனைகளில் உள்ளன. பெங்களூரில் கருணாஸ்ரயா என்ற நிலையம் கடைசிக் கட்டப் புற்றுநோயாளிகளைக் கட்டணம் வாங்காமல் பராமரிக்கிறது. அங்கே சேர்ப்பது கைவிடுவது ஆகாது. வலிப்பு வந்தவர் டாக்டர் அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த நோய் நம்மில் மிகச் சிலருக்கே வரும். ஆனால் கடன் பட்டியலும் நாமினியும் உயிலும் காப்பீடும் எல்லோருக்கும் வேண்டியவை. இந்த வாரம் கடை விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, தலையில் உள்ள கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.